கடலூர் மணியும் சிதம்பரம் மணியும்

கடலூர் என்.டி.,
22-9-1968, ஞாயிற்றுக்கிழமை,
காலை மணி 10.17 (என் கடிகாரப்படி)

சிரஞ்சீவி மாப்பிள்ளை பஞ்சநாதனுக்கு, உன் தாய்மாமனும் கடலூர் பஸ் ஸ்டாண்டின் தலைமை டயம் கீப்பருமான பூவராகன் மனமார ஆசீர்வதித்து எழுதுவது. தலைமை என்பது நானாகச் சேர்த்துக்கொண்டது. எனக்குக் கீழே ஆள் கிடையாது என்றாலும் மேலேயும் கிடையாது, ஆகவே தப்பில்லை. திருவந்திபுரத்துப் பெருமாள் புண்ணியத்தில் இங்கே நானும் உன் தனம் அத்தையும் சௌக்கியம், கெடிலத்தில் இரண்டு முழம் தண்ணீர் ஓடுகிறது, உன் அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. உன் சௌக்கியத்தைப் பற்றி எனக்குத் தனியாக எழுத வேண்டாம், அவளுக்கு நீ எழுதிய கடிதத்தைப் படித்துக் காட்டியதே நான்தான். ஏர் மெயில் தாள் நான் சொல்ல வேண்டியதில் கால்வாசிக்குக்கூடக் காணாது என்பதால் பழைய டிரிப் ஷீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கத்தைப் படித்துக் குழம்பாதே, அது போன வருஷத்து நெல்லிக்குப்பம் வண்டி.

நீ எழுதியிருந்தாயே, அங்கே ஒரு பெரிய கம்ப்யூட்டர் மெஷின் இருக்கிறது, அதில் ஒரே சமயத்தில் முப்பது பேர் உட்கார்ந்து வேலை செய்யலாம், நடுவில் ஒரு ப்ரோகிராம் கொட்டைக்குள் பருப்பு மாதிரி உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவருக்கும் முறைவைத்து நேரம் பங்கிட்டுக் கொடுக்கும், அதற்குள்ளே இருக்கும் கடிகாரம் இன்னும் துல்லியமாக ஓடும்படி செய்வதுதான் எனக்குக் கொடுத்திருக்கும் வேலை என்று, அதைப் படித்ததும் என் அக்கா தில்லையம்மாள் நீட்டிய காலை மடக்காமல் உட்கார்ந்துவிட்டாள். “ஏண்டா பூவராகா, அண்ணாமலை நகர்ல அஞ்சு வருசம் இஞ்சினீருக்குப் படிச்சுட்டு ஏரோப்ளேன் ஏறிப் போயி, புள்ள கடியாரமா ரிப்பேர் பண்றான்? அதை முதுநகர்லயே பண்ணியிருக்கலாமேடா!” என்றாள். “ரிப்பேர் இல்லக்கா, டயம் கீப்பரு. நான் இங்க வண்டிங்களுக்குப் பாக்குறதை அவன் அங்க கணக்குங்களுக்குப் பாக்குறான்” என்று நான் விளக்கிச் சொன்னேன். “ஐயோ, உன் வேலையா?” என்று அழ ஆரம்பித்துவிட்டாள். ஆனந்தத்தில் என்று வைத்துக்கொள்வோம்.

மாப்பிளே, உன் கஷ்டமெல்லாம் எனக்கு ஒரே வாசிப்பில் விளங்கிவிட்டது. உன் மெஷின் ஒரு செகண்டை அறுபதாகத்தான் பிரிக்கிறது, பத்தாயிரமாகப் பிரிக்க வேண்டும் என்கிறாய். நான் இந்த வேலைக்கு வந்தபோது இங்கே ரிஜிஸ்தரில் கால் மணி, அரை மணி, முக்கால் மணி மட்டும்தான் எழுதுவார்கள். நிமிஷம் என்பதைக் கடலூருக்குக் கொண்டுவந்ததே நான்தான் என்று சொன்னால் ஜாஸ்தியாகத் தெரியும், ஆனால் மறுத்துச் சொல்லவும் ஆள் இல்லை. இரண்டாவது, கடிகாரம் வந்து தட்டும்போது ப்ரோகிராம் வேறு வேலையில் இருந்தால் மணியைத் தாமதமாகக் குறித்துக்கொள்கிறது என்கிறாய். இது எனக்குத் தினம் நடக்கிற கதை. விழுப்புரம் வண்டியை எழுதிக்கொண்டிருக்கும்போது பண்ருட்டி வண்டி வந்து நிற்கும், என்ன நம்பர், எந்த டிரைவர், எங்கிருந்து என்று கேட்டு எழுதிவிட்டுக் கடிகாரத்தை நிமிர்ந்து பார்ப்பதற்குள் மூன்று நிமிஷம் போய்விடும், வண்டி லேட் என்று விழுந்துவிடும், கண்டக்டர் என் சட்டையைப் பிடிப்பான். அதற்கு நான் கண்ட வழி, விசில் கேட்டதும் முதலில் மணியைப் பார்த்து உள்ளங்கையில் எழுதிவிட வேண்டும், யார் வந்தது என்பதை அப்புறம் சாவகாசமாகக் கேட்டுக்கொள்ளலாம். இதை உன் ப்ரொபசரிடம் சொல். உள்ளங்கைக்கு அங்கே என்ன ஏற்பாடு என்பதை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

மூன்றாவதாக நீ எழுதியிருந்த விஷயத்துக்காகத்தான் இத்தனை தாள். இரண்டு மெஷின்களைச் சேர்த்துக் கட்டினதில் இதன் மணியும் அதன் மணியும் ஒத்துப்போகவில்லை, ஒன்று முடித்த வேலையை மற்றொன்று இன்னும் தொடங்கவே இல்லை என்று காட்டுகிறது என்றாய் அல்லவா? இதே வியாதி போன மாதம் இங்கே வந்து, உன் தனம் அத்தையின் தம்பி சின்னையனுடைய டிரைவிங் லைசென்ஸே போகிற நிலைமை ஆகி, உன் மாமன் ஒருத்தன் இருந்ததால் அது பிழைத்தது.

நடந்ததைச் சொல்கிறேன். சின்னையன் கெடிலம் டிரான்ஸ்போர்ட்ஸில் காலை 5.40 சிதம்பரம் எக்ஸ்பிரஸ் ஓட்டுகிறான், இருபத்தெட்டு மைல், நாலே ஸ்டாப்பிங், ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டும், அதற்குக் குறைந்தால் ஓவர் ஸ்பீடு. அவனுக்குப் பத்து நிமிஷம் முன்னால் வெள்ளாறு மோட்டார் சர்வீஸின் வண்டி புறப்படும். அந்த வெள்ளாறு கம்பெனி முதலாளி பழனிவேல், ஆலப்பாக்கத்துக்கு அந்தண்டை தன் வண்டிக்கு ஏற வேண்டிய ஜனத்தையெல்லாம் சின்னையன் பின்னால் வந்து முந்தி அள்ளிக்கொண்டு போகிறான் என்று மேலே பெட்டிஷன் போட்டுவிட்டார். அத்தாட்சி என்ன தெரியுமா? என் ரிஜிஸ்தர்! ஆகஸ்டு 27ஆம் தேதி, கடலூர் புறப்பாடு 5.40 என்று என் முத்து முத்தான கையெழுத்து. சிதம்பரத்தில் என்னைப் போலவே டயம் கீப்பராக இருக்கும் மரியலூர்துவின் ரிஜிஸ்தரில் வந்து சேர்ந்தது 6.28. நாற்பத்தெட்டு நிமிஷம்! நாங்கள் இரண்டு பேருமே இரண்டு கம்பெனிக்கும் பொது ஆட்கள், யாருக்காகவும் எழுத்தை மாற்றக் கூடாது. விசாரணையில் ருசுவானால் மூன்று மாதம் லைசென்ஸ் சஸ்பெண்டு, கம்பெனியும் வைத்துக்கொள்ளாது, மூன்று பெண் குழந்தைகளோடு அவன் எங்கே போவான்?

நான் அவனைக் கூப்பிட்டு நேராகவே கேட்டேன். “ஏன் மச்சான், வேகமாப் போனியா?”

“எனக்கென்னா மாமா தெரியும், வண்டியில கடியாரமா இருக்கு?” என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை, தலையைக் குனிந்துகொண்டு ஸ்டீரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். குற்றமுள்ளவன் ஆயிரம் பேசுவான், இவன் பேசவில்லை, அதிலிருந்தே இவன் நிரபராதி என்று எனக்குப் பட்டுவிட்டது. மனிதர்களை எடை போடுவதில் எனக்கு இருபது வருஷ சர்வீஸ்.

வீட்டிலோ உன் அத்தை என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். குழம்பு ஊற்றும்போது கரண்டி மட்டும் பேசியது. நாலாம் நாள்தான் வாயைத் திறந்தாள். “ஊருக்கெல்லாம் மணி எழுதுறீங்களே, என் தம்பிக்கு மட்டும் பாத்து எழுதக் கூடாதா?” என்றாள். “அடி, மணியைப் பாத்துத்தாண்டி எழுதுறேன்” என்றேன். “அந்த மணி சரின்னு உங்களுக்கு யாரு சொன்னது?” என்று கேட்டாள் பார், எனக்குப் பொறி தட்டியது அங்கேதான். பெண்கள் கேட்கிற கேள்விக்குள்ளே விஞ்ஞானம் இருக்கும், அவர்களுக்குத் தெரியாது, நம்மைப் போன்றவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். புறப்பட்டது என் கடிகாரத்தில், சேர்ந்தது மரியலூர்துவின் கடிகாரத்தில். இரண்டும் ஒன்றுபோல ஓடினால் அல்லவா இதை அதில் கழிக்கலாம்?

இதை எப்படிச் சோதிப்பது? முதலில் தந்தி கொடுத்தேன். ‘இங்கே இப்போது மணி 7.10, அங்கே எவ்வளவு’ என்று. தந்தி போய்ச் சேர்ந்தது 9.35க்கு. மரியலூர்து கார்டில் பதில் எழுதினார்: ‘நீர் அனுப்பிய 7.10 வரும் வழியிலேயே பழசாகிவிட்டது. புதிதாக ஒன்று அனுப்பவும்.’ வேடிக்கையான மனிதர், ஆனால் விஷயம் இருக்கிறது. மணியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பினால் போகிற நேரமும் அதன் தலையில் ஏறிவிடுகிறது. பிறகு டிரங்கால் போட்டேன், லைன் கிடைத்து “ஹலோ, மணி என்ன?” என்று நான் கத்த, அவர் “பணியா? பணி நிமித்தமாத்தான் இருக்கேன்” என்று கத்த, மூன்று நிமிஷம் முடிந்து எக்ஸ்சேஞ்சு அம்மாள் கட் பண்ணிவிட்டாள்.

மூன்றாவதுதான் என் சொந்த மூளை. நம் வீட்டு அலாரம் டைம்பீஸை எடுத்து என் ஆபீஸ் கடிகாரத்தோடு பொருத்தி வைத்து, துண்டில் சுற்றி, மல்லாட்டைக் கடலை வைக்கிற டின்னுக்குள் ஆடாமல் இறக்கி, சின்னையனுடைய வண்டிக் கண்டக்டர் பச்சமுத்துவிடம் கொடுத்தேன். “இந்தா பச்சமுத்து, சின்னையன் பொழப்பே இந்த டின்னுக்குள்ளதான் இருக்குது, புரியுதா? பாத்து நடந்துக்க” என்று சொல்லி அவன் தோளைத் தட்டினேன். “புரிஞ்சுது மாமா, நீங்க கவலைய வுடுங்க” என்றான், நல்ல சூட்டிகையான ஆள். சிதம்பரத்தில் மரியலூர்து டின்னைத் திறந்து, டைம்பீஸில் என்ன மணி, தன் கடிகாரத்தில் என்ன மணி என்று ஒரே பார்வையில் பார்த்துச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அதே வண்டியில் திருப்பி அனுப்ப வேண்டும். திரும்பி வந்ததும் டைம்பீஸ் என் கடிகாரத்தோடு இன்னும் ஒத்திருந்தால் வழியில் அது தப்பு செய்யவில்லை என்று அர்த்தம், அப்போது சீட்டில் இருக்கிற வித்தியாசம் இரண்டு ஊர்க் கடிகாரங்களுக்கும் உள்ள வித்தியாசம்தான். இதைவிட நேர்மையான சோதனையை உன் அமெரிக்காவில் செய்து காட்டட்டும் பார்க்கலாம்.

வந்தது மாப்பிளே சீட்டு! ‘டைம்பீஸ் 6.51, என் கடிகாரம் 6.40.’ பதினோரு நிமிஷம்! டைம்பீஸைத் தூக்கி என் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன், முள்ளுக்கு முள் ஒத்திருந்தது. ஒரு தடவையை நம்பலாமா என்று மறுநாளும் அனுப்பினேன், பதினொன்று. மூன்றாம் நாள், பதினொன்று. சொல்லி வைத்தாற்போல ஒரு நிமிஷம் ஏறாமல் இறங்காமல் மூன்று தடவையும் பதினொன்று வருகிறது என்றால் அதற்குப் பெயர்தான் விஞ்ஞானம். சிதம்பரத்து மணி என்னுடையதைவிடப் பதினொன்று பிந்தி நிற்கிறது, ஆகவே நாற்பத்தெட்டோடு பதினொன்றைக் கூட்டு, ஐம்பத்தொன்பது. சின்னையன் விதிப்படிதான் ஓட்டியிருக்கிறான், ஒரு நிமிஷம் குறைவது காலைக் காற்றுக்கு எல்லா டிரைவரும் செய்வது.

ஆனால் இங்கே ஒரு முள் குத்தியது. வித்தியாசம் பதினொன்று என்று தெரிந்துவிட்டது, யார் பக்கம் தப்பு என்று டைம்பீஸ் சொல்லாது. மரியலூர்து தினம் காலை டீக்கடை ரேடியோவில் மணி கேட்டுத்தான் தன் கடிகாரத்தைச் சரிபார்க்கிறார், மாதா கோயிலுக்குப் போகாத ஞாயிறு இருந்தாலும் இருக்கும், இதைத் தவற விட்டதில்லை. நான் அப்படி யாரிடமும் கேட்பதில்லை. டயம் கீப்பர் போய் ரேடியோக்காரனிடம் மணி கேட்டால் அப்புறம் ரேடியோக்காரனையே இங்கே உட்கார வைத்துவிடலாமே? நாலு வருஷமாக என் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதோடு சரி, அதை யாரும் சந்தேகித்ததும் இல்லை, திருத்தியதும் இல்லை, மஞ்சக்குப்பத்திலிருந்து ஆட்கள் வந்து அதைப் பார்த்துத் தங்கள் வாட்சைத் திருப்பிக்கொண்டு போவார்கள். அப்பேர்ப்பட்ட கடிகாரம் பதினோரு நிமிஷம் அதிகமாக ஓடுகிறது என்று சபையில் நானே சொன்னால்தான் சின்னையனுக்கு லைசென்ஸ். இரண்டு நாள் ஸ்டூலைப் போட்டு ஏறி அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். உன் அத்தை மட்டும் அமைதியாக, “கடியாரம் பெருசா, என் தம்பி பெருசான்னு நான் கேக்க மாட்டேன். நீங்களே கேட்டுக்குங்க” என்றாள்.

16ஆம் தேதி திங்கட்கிழமை விசாரணை. ஒரு மாடி ரூமில் அதிகாரி, கண்ணாடி போட்ட கறாரான மனிதர், இரண்டு ரிஜிஸ்தரையும் விரித்து வைத்துக்கொண்டு, “நாற்பத்தெட்டு நிமிஷம். டிரைவர் என்ன சொல்றீங்க?” என்றார். சின்னையன் என் பக்கம் திரும்பினான். நான் எழுந்தேன். அந்தக் கணத்தில் நான் பேசிய பேச்சை நீ கேட்டிருக்க வேண்டும், சுருக்கெழுத்துக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிறகு பலர் சொன்னார்கள், அல்லது ஒருவர் சொன்னார். “ஐயா, குற்றவாளி டிரைவர் அல்ல, கடிகாரம். அந்தக் கடிகாரத்தின் காவலன் நான். நாலு வருஷமாக அது உலகத்தைவிடப் பதினோரு நிமிஷம் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது, நான் கவனிக்கவில்லை” என்று சொல்லி மூன்று சீட்டையும் மேஜைமேல் வைத்தேன்.

பழனிவேல் துள்ளி எழுந்தார். “அதெப்படிங்க? என் வாட்சும் அவரு கடியாரமும் ஒண்ணாத்தானே ஓடுது?”

“உங்க வாட்சு எதைப் பாத்து வச்சது?”

“உங்க கடியாரத்தைப் பாத்துத்தான்.”

“அப்ப அது எப்படிங்க மாறும்?” என்றேன். அதிகாரி தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார், “என்னுதும் நேத்து பஸ்ஸைவிட்டு இறங்கினதும் ஸ்டாண்டு கடிகாரத்தைப் பார்த்துத்தான் வச்சேன்” என்று முணுமுணுத்தார். ஆக ஊர் முழுக்க ஒரே தப்பு, தப்புக்குத் தப்பே சாட்சி! மரியலூர்து எழுந்து தன் ரேடியோ விஷயத்தைச் சொன்னதும் எல்லாம் முடிந்துவிட்டது. டிரைவர் மேல் தப்பில்லை, கடலூர் டயம் கீப்பருக்குக் கண்டனம், கடிகாரத்தில் பதினோரு நிமிஷத்தைக் குறைத்துச் சரிசெய்ய வேண்டும், அதைப் பழனிவேலின் ஆள் பார்வையிட வேண்டும் என்று உத்தரவு. பழனிவேல் அங்கேயே தன் வாட்சைப் பதினொன்று பின்னால் தள்ளிக்கொண்டார், அதிகாரியும் மேஜைக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு என்னவோ செய்தார். உன் அத்தை அன்றைக்குப் பாயசம் வைத்தாள். என் வாழ்நாளில் தப்பை ஒப்புக்கொண்டது அது ஒன்றுதான், ருசியாகத்தான் இருந்தது.

இப்போது கவனி, உனக்கு வேண்டியது இங்கேதான் இருக்கிறது. வியாழக்கிழமை காலை பழனிவேலின் ஆள் வந்து நின்றான். நான் ஸ்டூலில் ஏறி, மணி 10.06 காட்டும்போது முள்ளைப் பிடித்து 9.55க்குத் தள்ளினேன். அவ்வளவுதான், பஸ் ஸ்டாண்டே தலைகீழ். 10.03க்கு வந்த நெல்லிக்குப்பம் வண்டி ஜனத்தை இறக்கிவிட்டு 9.57க்குப் புறப்பட்டது என்று ரிஜிஸ்தரில் விழுந்தது, வருவதற்கு முன்னாலேயே போய்விட்ட வண்டி! உன் மெஷினுக்கு வந்த அதே வியாதி. 10.05 சிதம்பரம் வண்டியை ஒரு நிமிஷத்தில் தவற விட்டுவிட்டு மூச்சு வாங்க நின்றிருந்த மங்கம்மா என்ற அம்மாள் ஒருத்தி கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தாள். நேராக என் ஜன்னலுக்கு வந்தாள்.

“யோவ், மணி இன்னும் பத்தே ஆவல. பத்தஞ்சு வண்டி எப்படிய்யா போவும்?”

“அது போயிடுச்சும்மா.”

“போற நேரமே வரலேங்கிறேன், போயிடுச்சுங்கிறியே! கூப்புடுய்யா திரும்ப!”

மாப்பிளே, எனக்கு எல்லாக் கேள்விக்கும் பதில் உண்டு என்று உனக்குத் தெரியும். இதற்கு மட்டும் ரிஜிஸ்தரைப் புரட்டினேன். அதற்குள் 10.00 வண்டியின் முறை எங்களது என்று இன்னொரு கண்டக்டர் வந்து நின்றான், பத்து மணி வண்டி பத்து மணிக்கே போய்விட்டது என்றேன், “அது போன பத்து மணி, நான் கேக்கிறது இந்தப் பத்து மணி” என்றான். மறுபடி ஸ்டூலில் ஏறி, முள்ளைப் பழையபடி முன்னால் தள்ளிவிட்டு இறங்கினேன்.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். மணி பின்னால் போகக் கூடாது, போனால் ஒரே நிமிஷம் இரண்டு தடவை வரும், வந்தது போனது எல்லாம் புரண்டுவிடும். ஆனால் மெதுவாகப் போகலாம், அதை யாரும் தடுக்கவில்லை. பெண்டுலத்தின் குண்டுக்குக் கீழே ஒரு சின்னத் திருகு இருக்கிறது, அதை இடதுபக்கம் ஒரு துளி திருப்பினால் குண்டு இறங்கும், கடிகாரம் நாளுக்கு ஒரு நிமிஷம் பிந்தும். பதினோரு நாளில் பதினோரு நிமிஷமும் கரைந்துவிடும், ஒரு நிமிஷமும் இரண்டாம் முறை வராது, ஒரு மங்கம்மாவுக்கும் சந்தேகம் தோன்றாது. பழனிவேலின் ஆளும் சம்மதித்தான். வியாழனன்று திருப்பினேன், இன்றைக்கு மூன்று நிமிஷம் இறங்கியிருக்கிறது. உன் மெஷினிலும் இப்படியே செய். கடிகாரம் தப்பாக இருந்தால் பிடித்து இழுக்காதே, நடையைக் குறை. உன் ப்ரொபசர் இதைக் கேட்டால் நாற்காலியைவிட்டு எழுந்துவிடுவார். எழுந்தால் என் பெயரைச் சொல், இனிஷியல் கே.

உன் அம்மா மெத்தப் பிரியத்தோடு விசாரித்தாள், கம்பளி போட்டுக்கொள்ளச் சொன்னாள். உன் அத்தை ஊறுகாய் அனுப்ப வழி கேட்கிறாள். எல்லாம் வல்ல தில்லைக் கூத்தன் உன் மெஷினுக்கும் உனக்கும் நல்ல வேளையைக் கொடுக்கட்டும். பெரியவர்களுக்கு அங்கே யாரும் இருந்தால் என் நமஸ்காரம், சிறியவர்களுக்கு ஆசி, வெள்ளைக்காரர்களுக்கு எது பொருத்தமோ அது.

இப்படிக்கு உன் உயர்வை என் உயர்வாக எண்ணும் மாமன்,
கே. பூவராகன்

பின்குறிப்பு: சாயங்காலம் மணி 5.30. தபாலில் போடுவதற்கு முன் பச்சமுத்து வந்தான். தாள் தாளாகக் கிடப்பதைப் பார்த்து என்ன மாமா என்றான், நம் டைம்பீஸ் சோதனையை அமெரிக்காவுக்கு எழுதுகிறேன் என்றேன். “நான் ஆலப்பாக்கத்துல முள்ளைத் திருப்புனதையும் எழுதிட்டீங்களா?” என்றான்.

மாப்பிளே, போகும்போது ஆலப்பாக்கத்தில் பதினொன்று முன்னால் வைத்தானாம். வரும்போது அதே இடத்தில் பதினொன்று பின்னால் வைத்தானாம். மூன்று நாளும். “பன்னெண்டு வச்சா கணக்கு சரியா ஒரு மணின்னு வந்து சந்தேகப்படுவாங்கன்னு பதினொண்ணா வச்சேன் மாமா. நீங்க தோளைத் தட்டிச் சொன்னப்பவே நான் புரிஞ்சிக்கிட்டேன். கடைசியில சபையில எழுந்து, தப்பு என் கடியாரம்னீங்க பாருங்க, சின்னையன் வெளிய வந்து அழுதுட்டான். மச்சானுக்காக எவன் இப்படித் தன் பேரைக் கெடுத்துக்குவான்?” என்று அவன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். உன் அத்தைக்கும் முதலிலேயே தெரியுமாம். எல்லோருக்கும் தெரியுமாம், எனக்குத் தெரியாது என்பதைத் தவிர. “தெரிஞ்சுதான்டா செஞ்சேன்” என்று சொல்லிவிட்டேன்.

ஆக என் கடிகாரம் நாலு வருஷமாகச் சரியாகத்தான் ஓடியிருக்கிறது, சிதம்பரமும் சரி, நாற்பத்தெட்டு நிமிஷமும் சரி. சின்னையனைப் பிடித்து உலுக்கினேன். அன்றைக்கு மீன்காரி அஞ்சம்மாள் வண்டிக் கூரைமேல் நாலு கூடை மீன் ஏற்றினாளாம். “ஐஸ் தண்ணி ஓட்டை வழியா என் கழுத்துல சொட்டிக்கிட்டே வருது மாமா, சங்கரா மீன் தண்ணி. அதைச் சகிச்சிக்கிட்டு எப்படி மெதுவாப் போவேன், நீங்களே சொல்லுங்க” என்கிறான். நியாயமாகத்தான் படுகிறது.

இப்போது சரியான கடிகாரத்தைத் தினம் ஒரு நிமிஷம் கெடுத்துக்கொண்டிருக்கிறேன், நிறுத்த முடியாது, பழனிவேலின் ஆள் தினம் வந்து பார்க்கிறான். நிறுத்தினால் உண்மை வெளிவரும், சின்னையன் லைசென்ஸ் போய்விடும். நிறுத்தாவிட்டால், பதினோராம் நாள் சிதம்பரத்திலிருந்து ஒழுங்காக ஒரு மணி நேரத்தில் வருகிற எல்லா வண்டியும் நாற்பத்தொன்பது நிமிஷத்தில் வந்ததாக விழும், எல்லா டிரைவருக்கும் லைசென்ஸ் போய்விடும். ஆகவே மரியலூர்துவுக்கு ஆள் அனுப்பி உள்ளதைச் சொல்லி, அவரையும் தன் பெண்டுலத்தைத் திருப்பச் சொல்லியிருக்கிறேன். ரேடியோவை நிறுத்தச் சம்மதித்துவிட்டார், பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் யோசிக்கிறாராம். இரண்டு ஊரும் ஒன்றோடொன்று ஒத்துப்போனால் போதும். உலகத்தோடு ஒத்துப்போவதை ரயிலுக்குப் போகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

மேலே எழுதியதில் எதையும் மெஷினில் ஏற்றாதே. ஏற்றிவிட்டால் இறக்காதே, எவனாவது காரணம் கேட்பான்.

சின்னையன் நாளைக் காலை 5.40க்குப் புறப்படுகிறான். அதாவது உங்களுக்கெல்லாம் 5.44. மீன் கூடை ஏற்றக் கூடாது என்று அஞ்சம்மாளிடம் சொல்லியிருக்கிறேன். அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.